சீட்டில் இல்லாத எண்

எங்கள் பிரஸ்ஸில் யாருக்காவது கண்ணாடி மாற்ற வேண்டும் என்றால் இப்போதெல்லாம் என்னிடம்தான் வருகிறார்கள். "அண்ணே, எந்த சைட்ல வாங்குனீங்க, லிங்க் அனுப்புங்க" என்பார்கள். லிங்க் அனுப்புவது பெரிய வேலையா என்ன? "உனக்குப் பவர் எவ்வளவு, பி.டி. எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்பேன். பவரைச் சொல்லிவிடுவார்கள். பி.டி. என்றதும் முழிப்பார்கள். ஆன்லைனில் கண்ணாடி வாங்குவதில் பாதி விவகாரம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

எனக்குச் சிவகாசியில் காலண்டர் வேலை. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானால் மார்கழி வரை தலை நிமிர நேரம் இருக்காது. நான் பார்ப்பது தினசரித் தாளின் புரூஃப். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம் எல்லாம் பொடி எழுத்தில் ஒரே கட்டத்துக்குள் அடைந்து கிடக்கும். திங்கட்கிழமை ராகு காலம் 7.30 – 9.00 என்பதில் ஒரு எண் பிசகினாலும் தை மாதம் முழுக்க போன் வந்துகொண்டே இருக்கும். கண்தான் முதலீடு. அந்தக் கண்ணோ வலது மைனஸ் 5.25, இடது மைனஸ் 4.75, இரண்டிலும் கொஞ்சம் சிலிண்டர். ஏழாம் வகுப்பிலிருந்து மூக்கில் கண்ணாடி.

டாக்டர் தரும் சீட்டில் என்னென்ன இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். ஸ்பியர் என்பது பவர், 0.25 படியாக ஏறும். மைனஸ் என்றால் தூரத்தில் இருப்பது தெரியாது. சிலிண்டர் என்பது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததற்குக் கொடுப்பது. அது எந்தத் திசையில் என்பதை ஆக்சிஸ் சொல்லும், 180 வரை போகும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்துக்காக 'ஆட்' என்று இன்னொரு எண். பெரும்பாலான சீட்டுகள் இத்தோடு முடிந்துவிடும். இரண்டு கண் பாப்பாவுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் பி.டி. அதைச் சீட்டில் எழுத மாட்டார்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் போடும்போது எடுத்துக்கொள்வார்கள் என்று வழக்கமாக விட்டுவிடுகிறார்கள். பெரியவர்களுக்குச் சராசரியாக 63 அளவில் இருக்கும், ஆனால் 54-லும் ஆள் உண்டு, 74-லும் ஆள் உண்டு.

நான் முதலில் வாங்கிய இடத்தின் பெயர் வேண்டாம். அவர்கள் கேட்டது ரொம்பச் சுலபமான காரியம். நெற்றியில் ஏ.டி.எம். கார்டை வைத்து ஒரு போட்டோ. கார்டின் நீளம் உலகம் முழுக்க 85.6 மி.மீ. என்பதால் அதை வைத்துக் கண்ணின் இடைவெளியைக் கணக்குப் போட்டுவிடுவார்களாம். யோசனை நல்ல யோசனைதான். கண்ணாடி வந்தது, ஃப்ரேம் அழகாக இருந்தது, எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் மத்தியானம் ஆனால் புருவத்துக்குப் பின்னால் யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி ஒரு வலி. கழற்றினால் போய்விடும். போனில் கேட்டால், "புதுக் கண்ணாடி சார், பழகிடும்" என்றார்கள்.

பழகுகிறதா என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. பிரஸ்காரனுக்கு ரெஜிஸ்டர் மார்க் இருக்கிறதே! நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று பார்க்கத் தாளின் ஓரத்தில் அடிக்கும், வட்டத்துக்குள் கூட்டல் குறி போட்ட அந்தச் சின்ன அடையாளம். அதைப் பெரிதாக பிரிண்ட் எடுத்து மேஜையில் விரித்து, கண்ணாடியை ஒரு சாண் மேலே தூக்கிப் பிடித்து, நேர் மேலிருந்து பார்த்தேன். லென்ஸ் வழியாகத் தெரியும் கோடு, லென்ஸுக்கு வெளியே தெரியும் கோட்டோடு சேராமல் ஒடிந்து தெரியும். கண்ணாடியை மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் கூட்டல் குறியின் நடுப்புள்ளி வெளியே உள்ள கோடுகளின் நேருக்கு வந்து உட்காரும். சிலிண்டர் இருந்தால் கோடு லேசாகச் சாய்ந்து தெரியும், அதைப் பொருட்படுத்த வேண்டாம், நடுப்புள்ளியை மட்டும் பாருங்கள். அதுதான் லென்ஸின் மையம். ஓ.ஹெச்.பி. பேனாவால் அங்கே ஒரு புள்ளி. அடுத்த லென்ஸிலும் அதேபோல. இரண்டு புள்ளிக்கும் நடுவே ஸ்டீல் ஸ்கேலை வைத்தால் 66.

சரி, என் கண் எத்தனை? வீட்டில் மனைவியிடம் ஸ்கேலைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். எதிரே உட்கார்ந்து ஒரு கண்ணை மூடி, அப்புறம் மறு கண்ணை மூடி எடுக்க வேண்டும். அவள் சிரித்த சிரிப்பில் ஸ்கேல் ஆடியது, ஒருமுறை 61 என்றாள், இன்னொருமுறை 63. அதனால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நான் இருபது வருடமாகக் கண்ணாடி போட்ட கடைக்கே போனேன்.

"அண்ணாச்சி, என் பி.டி. மட்டும் எடுத்துத் தாங்க. காசு கொடுத்துடுறேன்."

"ஆன்லைன்லயா தம்பி?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப அவங்கதான எடுக்கணும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் உள்ளே குத்தியது. கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது. கண் பரிசோதனைக்கு அவர் காசு வாங்குவதில்லை, காது கம்பி தளர்ந்தாலும் திருகாணி விழுந்தாலும் சும்மா போட்டுக் கொடுப்பார். இதற்கெல்லாம் சேர்த்துத்தான் ஃப்ரேம் விலையில் லாபம் வைக்கிறார். ஃப்ரேமை இன்னொருவனிடம் வாங்கிவிட்டு அளவுக்கு மட்டும் அவரிடம் வந்து நின்றால்? இருந்தாலும் பியூப்பிலோமீட்டரை எடுத்து என் மூக்கில் பதித்து, உள்ளே தெரியும் விளக்கைப் பார்க்கச் சொன்னார். மூக்கின் நடுவிலிருந்து வலது 31.5, இடது 30.5. மொத்தம் 62. ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். நூறு ரூபாயை நீட்டினேன், ஐம்பதை எடுத்துக்கொண்டு ஐம்பதைத் திருப்பித் தந்தார்.

62-க்கு 66. நாலு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மையம் எத்தனை சென்டிமீட்டர் விலகியதோ அதைப் பவரால் பெருக்கினால் கண்ணுக்கு எவ்வளவு பிரிசம், அதாவது காட்சி பக்கவாட்டில் விலகித் தெரிகிற அளவு, ஏறுகிறது என்று வரும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 0.4 சென்டிமீட்டர், பவர் சுமார் 5, ஆக 2 பிரிசம் டயாப்டர். இரண்டு கண்ணும் நாள் முழுக்க அந்த விலகலோடு மல்லுக்கட்ட வேண்டும். இதே நாலு மில்லிமீட்டர் பவர் 1 உள்ளவருக்கு 0.4 பிரிசம்தான் தரும், அவருக்கு ஒன்றுமே தெரியாது. இணையத்தில் ஒரே கடைக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரம் போடுவதும் இன்னொருவர் திட்டித் தீர்ப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். நட்சத்திரம் போட்டவரின் பவர் என்ன என்று எந்த சைட்டும் காட்டுவதில்லை. உங்கள் பவர் இரண்டுக்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்றுகூடச் சொல்வேன். நாலைத் தாண்டினால் அந்த விமர்சனங்களைப் படித்துப் பிரயோசனமில்லை.

கார்டில் எழுதிய எண்ணையும் புள்ளி வைத்த லென்ஸையும் போட்டோ எடுத்து அனுப்பியதும் அடுத்த நாளே மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. குறை அடுத்து வந்தது. மன்னிப்புக் கேட்கும் வகையில் "உயர்ரக, உடையாத லென்ஸ்" இலவசமாகப் போட்டு அனுப்பினார்கள். மையம் அச்சாக 62. தலைவலி இல்லை. ஆனால் கண்ணாடியின் ஓரம் வழியாகப் பார்த்தால் கருப்பு எழுத்துக்கு ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் ஆரஞ்சுமாக மெல்லிய கரை. ரெஜிஸ்டர் விலகிய தாள் எப்படி இருக்குமோ அப்படியே. லூப் என்கிற பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், தாளில் நாலு கலரும் கச்சிதம். கோளாறு மூக்கின் மேல்தான்.

உடையாத லென்ஸ் என்றால் பாலிகார்பனேட். கல் பட்டாலும் லேசில் உடையாது, மெல்லிசு, குழந்தைகளுக்கு அருமை. ஆனால் வெளிச்சத்தைக் கலர் கலராகப் பிரித்துவிடும் குணம் அதற்கு அதிகம். அதைச் சொல்வதற்கு அபே எண் என்று ஒன்று இருக்கிறது, கூடினால் நல்லது. சாதாரண பிளாஸ்டிக் லென்ஸான சி.ஆர்.39-க்கு 58. பாலிகார்பனேட்டுக்கு 30. எம்.ஆர்.8 என்ற 1.6 இண்டெக்ஸ் (ஒளியை வளைக்கும் திறன்) லென்ஸுக்கு 41. ரொம்ப மெலிதான 1.67-க்கு மறுபடி முப்பது சொச்சம்தான். இந்த எண்ணை விற்பனைப் பக்கத்தில் நான் எங்கும் பார்த்ததில்லை, மெல்லிசு என்பது மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். நான் காசு போட்டு 1.6-க்கு மாற்றிக்கொண்டேன். பவர் அதிகம், கலர் பார்க்கிற வேலை என்றால் இதைத் தவிர வேறு யோசிக்க வேண்டாம்.

கலர் என்றதும் ப்ளூ கட், அதாவது நீல வெளிச்சத்தைத் தடுக்கும் லென்ஸ். ஆர்டர் போடும்போதே அதற்கான டிக் தானாக விழுந்திருக்கும், தேடி எடுத்துவிட வேண்டும். கம்ப்யூட்டர் பார்த்துக் கண் சோர்வதற்கு ப்ளூ கட் உதவுகிறதா என்று 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2023-ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அறிக்கை வெளியிட்டது. சாதாரண லென்ஸோடு ஒப்பிட்டால், குறுகிய காலத்திலாவது பெரிதாக வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் அதன் சாரம். பல ப்ளூ கட் லென்ஸ்கள் வெள்ளைத் தாளைக் கொஞ்சம் மஞ்சளாகக் காட்டும். கலர் புரூஃப் பார்ப்பவனுக்கு அது கூடவே கூடாது.

ஃப்ரேம் தேர்வில் போனைக் காட்டினால் முகத்தில் மாட்டிக் காட்டுகிறதே, அது வேடிக்கைக்கு. இப்போது போட்டிருக்கும் கண்ணாடியின் காது கம்பிக்கு உள்பக்கம் பாருங்கள், 50 □ 18 – 140 என்கிற மாதிரி எழுதியிருக்கும். லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், கம்பி நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். முதல் இரண்டையும் கூட்டினால் உங்கள் பி.டி.க்குப் பக்கத்தில் வருவது நல்லது. 46-ம் 18-ம் 64, என் 62-க்கு லென்ஸைக் கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் போதும். 54-ம் 18-ம் என்றால் ஐந்து மில்லிமீட்டர், மைனஸ் லென்ஸின் தடிமனான ஓரம் முழுக்க வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். விலை உயர்ந்த மெலிந்த லென்ஸ் செய்யும் வேலையில் பாதியைச் சின்ன ஃப்ரேமே செய்துவிடும். இன்னொன்று, நம் ஊர் வெயிலுக்கு மூக்கில் சிலிக்கான் பேட் வைத்த ஃப்ரேம்தான் நிற்கிறது. வார்ப்பு மூக்கு வைத்தவை வியர்வையில் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதை வளைத்துச் சரி செய்யவும் முடியாது.

போன வருடம் எனக்கும் வெள்ளெழுத்து வந்துவிட்டது. 'ஆட்' 1.25. புரோகிரசிவ் லென்ஸை மட்டும் ஆன்லைனில் வாங்கவில்லை, அண்ணாச்சியிடமே போனேன். அதில் மேலே தூரம், கீழே கிட்டம் என்று பவர் படிப்படியாக மாறுகிறது. பாப்பா ஃப்ரேமின் எந்த உயரத்தில் நிற்கிறது என்று தெரியாமல் அதை வெட்ட முடியாது. அந்த உயரம், ஃப்ரேம் மூக்கில் உட்கார்ந்த பிறகுதான் தெரியும். அவர் முதலில் ஃப்ரேமை என் மூக்குக்கு வளைத்தார், கம்பியைச் சூடு காட்டிக் காதுக்கு மடக்கினார், என்னை நிற்க வைத்து நேராகப் பார்க்கச் சொல்லி, தானும் என் உயரத்துக்குக் குனிந்து டெமோ லென்ஸில் பேனாவால் புள்ளி வைத்தார். தயாராகி வந்த லென்ஸை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற இரண்டு பொடி வட்டங்கள், 34 மி.மீ. இடைவெளியில் செதுக்கியிருக்கிறார்கள். எந்த ஊரில் கழன்று விழுந்தாலும் அதை வைத்து லென்ஸின் மையத்தைக் கண்டுபிடித்துவிடலாமாம். என் பழைய ஆன்லைன் கண்ணாடியையும் கேட்காமலே வாங்கி மூக்கு பேடைச் சரி செய்து கொடுத்தார். அந்தச் சேவைக்குத்தான் புரோகிரசிவின் விலை என்று நினைத்துக் கொடுத்தேன், வலிக்கவில்லை.

புரோகிரசிவ் தெருவுக்கும் வீட்டுக்கும் சரி. புரூஃப் மேஜையில் ஒரு முழுத் தாளை விரித்தால் அதில் கிட்டத்தைக் காட்டும் சந்து போதவில்லை, தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு கிட்டக் கண்ணாடி. இதை ஆன்லைனில்தான் போட்டேன், சீட்டிலிருந்தே கணக்கு வந்துவிடும். ஸ்பியரோடு 'ஆட்' எண்ணைக் கூட்ட வேண்டும். மைனஸ் 5.25-ல் 1.25 கூட்டினால் மைனஸ் 4.00, இடதுக்கு மைனஸ் 3.50. சிலிண்டரும் ஆக்சிஸும் அப்படியே. கிட்டத்தில் பார்க்கும்போது கண்கள் உள்நோக்கித் திரும்புவதால் பி.டி. மூன்று மில்லிமீட்டர் குறையும், 62-க்கு 59. கணக்கு சரிதானா என்று பரிசோதித்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள், நானும் கேட்டேன். ஆயிரத்துக்குக் கீழேதான் ஆனது, பிரஸ்ஸை விட்டு வெளியே வருவதில்லை.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள், பவர் 1.25. முகத்தில் பாதியை மறைக்கும் பெரிய வட்ட ஃப்ரேம்தான் வேண்டும் என்றாள். அந்தப் பவருக்கு எந்த ஃப்ரேமும் தாங்கும், பாலிகார்பனேட்டும் போடலாம் என்பதால் மறுபேச்சுப் பேசாமல் ஆர்டர் போட்டேன். ஆனால் பழைய ஆர்டரைத் திறந்து 'மீண்டும் வாங்கு' என்று அமுக்கவில்லை. போன முறை அவள் பி.டி. 57, இப்போது 58. வளர்கிற பிள்ளைகளுக்கு அதுவும் வளரும்.