கல்லூரிப் பையோடு டெக்ஸா ஸ்கேனுக்கு

எலும்பின் அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் அறையில் எனக்கு வேலை. வருகிறவர்களில் பெரும்பாலானோர் மாதவிடாய் நின்றுபோன அம்மாக்கள். அவர்களுக்கு நடுவே கன்னம் உப்பி, முழுக்கைச் சட்டையும் கல்லூரிப் பையுமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், அநேகமாக லூபஸாகத்தான் இருக்கும், அதாவது உடலின் எதிர்ப்பு சக்தி தன் உடலையே தாக்கும் நோய்.

லூபஸ் வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள். எலும்பு தன் முழு வலுவை எட்டுவதோ இருபதுகளின் கடைசியில். சேர்க்க வேண்டிய வயதிலேயே கரைய ஆரம்பித்துவிடுகிறது. நோயின் அழற்சியே எலும்பை அரிக்கும். வெயில் பட்டால் நோய் கிளம்பும் என்று வெயிலைத் தவிர்க்கச் சொல்கிறோம், அதில் வைட்டமின் டி குறையும். நோய் கடுமையாகும்போது தரும் சைக்ளோபாஸ்பமைடு மருந்தை ஏற்றிக்கொண்ட சிலருக்கு மாதவிடாயே சீக்கிரம் நின்றுவிடும். இதற்கெல்லாம் மேலே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை.

அந்த மாத்திரையை நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ பேருடைய சிறுநீரகத்தையும் உயிரையும் காத்தது அதுதான். ஆனால் அதனால் எலும்பு வேகமாகக் குறைவது முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில், அதுவும் முதுகெலும்பில் முதலில். தினம் 2.5 மில்லிகிராமோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பவர்களுக்கு, தொடங்கிய ஆறு மாதத்துக்குள் எலும்பு முறியும் அபாயத்தைக் கணித்துவிட வேண்டும் என்கிறது அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதல். என்னிடம் வருகிறவர்களில் பலர் வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்ட பிறகு, முதுகு வலிக்கிறது என்று வருகிறார்கள். மாத்திரை எழுதும் அன்றே ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தால் என்ன என்று ஒவ்வொரு முறையும் மனசு அடித்துக்கொள்ளும்.

ரிப்போர்ட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டைகள் இருக்கும். "மஞ்சள்லதானே அக்கா இருக்கு, பயமில்லையே?" என்று ஒரு பெண் கேட்டாள். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு அந்த நிறத்தைப் பார்க்கக் கூடாது. அதே வயதினரோடு ஒப்பிடும் இசட் ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும். அது -2.0 அல்லது அதற்கும் கீழே போனால் வயதுக்குக் குறைவு. அப்புறம் இன்னொன்று: ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு எண் ஓரளவு நன்றாக இருந்தாலும் எலும்பு முறியலாம். முதுகெலும்பு வலியே இல்லாமல்கூட நசுங்கும். அதனால்தான் உயரத்தைக் கேட்டு எழுதாமல் நானே அளக்கிறேன்.

எனக்கு அதிகம் பயம் தருவது வேறு. ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு, "இனிமே அந்த மாத்திரையே வேண்டாம்மா" என்று முடிவு கட்டிவிடும் தாய்மார்கள். பல மாதம் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால், உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும், அதுவரை ஓய்ந்திருந்த அட்ரீனல் சுரப்பி ஈடுகொடுக்காது. இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டோஸைக் குறைப்பது டாக்டர் கையில்தான் இருக்க வேண்டும். எலும்புக்கு வழி இருக்கிறது: உணவையும் சேர்த்து தினம் 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம், வைட்டமின் டி, நடை. தேவைப்பட்டால் எலும்பு கரைவதைத் தடுக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரை, வாரம் ஒன்று. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அது எலும்பில் பல வருடம் தங்கும் என்பதால், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

தொடை இடுக்கில் வலி என்று யாராவது சொன்னால் சீட்டில் தனியாகக் குறித்து அனுப்புவேன். இடுப்பு மூட்டுப் பந்துக்கு இரத்தம் போகாமல் எலும்பு செத்துப்போவதும் இவர்களுக்கு வரும். அதை என் மெஷின் காட்டாது, எம்.ஆர்.ஐ. வேண்டும்.

எங்கள் படிவத்தில் ஸ்டீராய்டு உண்டா, இல்லையா என்று ஒரே ஒரு கட்டம். என்றைக்குத் தொடங்கியது, எத்தனை மில்லிகிராம் என்பதை ஓரத்தில் நானே எழுதிவைக்கிறேன். அடுத்த ஸ்கேனுக்கும் இதே மெஷினுக்கு வரச் சொல்கிறேன், மெஷின் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது.