ஸ்போர்ட்ஸ் மெடிசின் சிஏக்யூ: முதலில் விரல், பிறகு எக்ஸ்ரே

ஸ்போர்ட்ஸ் மெடிசின் சிஏக்யூ (விளையாட்டு மருத்துவத்தில் கூடுதல் தகுதிச் சான்றிதழ்) தேர்வின் ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ் ஆகிவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது. அமெரிக்காவில் ஃபேமிலி மெடிசின் ரெசிடென்சியில் (மேற்படிப்புப் பயிற்சியில்) இருக்கும் நம்மவர்கள் எப்படிப் படித்தேன் என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். இன்டர்னல் மெடிசின், பீடியாட்ரிக்ஸ், எமர்ஜென்சிக்காரர்களும் இதே தேர்வைத்தான் எழுதுகிறார்கள். அதனால் 'நம் கிளினிக்குக்கு இவ்வளவு போதும்' என்ற கணக்கு செல்லாது.

நான் அடித்துச் சொல்வது ஒன்றுதான். வலிக்கிற இடத்தில் ஒரு விரலை வைத்து, அடியில் இருப்பது எது என்று பெயர் சொன்ன பிறகே எக்ஸ்ரே எழுதுங்கள். என்னைக் கரை சேர்த்தது இந்தப் பழக்கம்தான்.

பழக்கியவர் ரெசிடென்சியில் ஒரு அட்டெண்டிங் (மூத்த டாக்டர்). வெள்ளிக்கிழமை இரவு, ஹைஸ்கூல் ஃபுட்பால் மேட்ச். ஒரு பையனுக்குக் கணுக்கால் புரண்டு வெளிப்பக்கம் முட்டை போல வீங்கிவிட்டது. ஷூவையும் டேப்பையும் கழற்றவைத்தார். முதலில் நல்ல காலைத் தொடச் சொன்னார். பிறகு அடிபட்ட கால்: கணுக்காலின் இருபக்கமும் புடைத்திருக்கும் இரண்டு மாலியோலஸின் பின் ஓரத்திலும் கீழ் 6 செ.மீ., ஐந்தாவது மெட்டாடார்சலின் (சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள பாத எலும்பு) அடி, நாவிகுலர் (பாதத்தின் நடுவில், உள்பக்க எலும்பு). ஒவ்வொன்றிலும் விரலை நிறுத்தி, பெயரைச் சத்தமாகச் சொல்லி, பையனின் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கும் அவன் முகம் சுளிக்கவில்லை. வெளி மாலியோலஸுக்குச் சற்று முன்னால், கீழே அழுத்தியதும் துள்ளினான். ஏடிஎஃப்எல், அதாவது கணுக்காலின் வெளிப்பக்க லிகமென்ட். நொண்டினாலும் நான்கு அடி நடந்தான். எக்ஸ்ரே தேவைப்படவில்லை. ஒட்டாவா விதி (கணுக்காலுக்கு எக்ஸ்ரே தேவையா என்று முடிவுசெய்வது) என்று மனப்பாடம் செய்கிறோமே, அதில் பாதிக்கு மேல் விரல் வேலைதான்.

கேள்வி வங்கிகளிலும் அப்படித்தான். கதை நீளும், விடை வலியின் இடத்தில் இருக்கும். ஓட்டக்காரருக்கு நாவிகுலர் மேல் வலி, எக்ஸ்ரே நார்மல் என்றால் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சராகவே (ஓயாத அழுத்தத்தால் வரும் எலும்பு விரிசல்) நடத்துங்கள்: கால் ஊன்றவிடாமல் எம்ஆர்ஐ. விழுந்தவருக்கு ஸ்னஃப்பாக்ஸில் (கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுக் குழி) வலி இருந்தால், படம் நார்மல் என்று சும்மா அனுப்பாதீர்கள்.

விரலுக்கு எட்டாதவை:

- கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை குலுங்குவது) சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. இருட்டறை ஓய்வெல்லாம் பழைய கதை. 2022 ஆம்ஸ்டர்டாம் மாநாடு சொன்ன, விளையாட்டுக்குத் திரும்பும் ஆறு படிகளைத் தண்ணீர்பட்ட பாடாக்குங்கள்.
- வெயிலில் சரிந்து, குழம்பிப் பேசுகிறாரா? ரெக்டல் டெம்பரேச்சரை மட்டும் நம்புங்கள். 40 டிகிரியைத் தாண்டினால் முதலில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி, ஆம்புலன்ஸ் பயணம் பிறகு.
- மாரத்தான் முடிவில் அதே குழப்பம், ஆனால் உடம்பு சூடில்லை: ரத்தத்தில் சோடியம் பார்க்காமல் சலைன் ஏற்றாதீர்கள்.
- எழுந்து நின்றால் கூடி, குத்தவைத்தால் குறையும் மர்மர் (இதய இரைச்சல்): எக்கோ (இதய ஸ்கேன்) வரும்வரை விளையாட்டு கிடையாது.

குரூப் ஸ்டடி வேண்டாம். பேச்சில்தான் நேரம் போகும். வீட்டில் யாருடைய முட்டியையாவது பிடித்து லாக்மன் (முட்டி லிகமென்ட் பரிசோதனை) செய்யுங்கள். நார்மல் முட்டி எங்கே நிற்கும் என்று கைக்குத் தெரியாமல், கிழிந்த ஏசிஎல் (முட்டிக்குள் இருக்கும் முன் குறுக்கு லிகமென்ட்) பிடிபடாது.

ஆர்த்தோ ரொட்டேஷனில் தியேட்டரில் ரிட்ராக்டர் பிடித்து நிற்காமல், கிளினிக் கேட்டு வாங்குங்கள். ஃபெலோஷிப் (ரெசிடென்சிக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) விண்ணப்பம் ரெசிடென்சியின் மூன்றாம் வருஷத் தொடக்கத்திலேயே போக வேண்டும். அதனால் இரண்டாம் வருஷத்திலேயே பக்கத்துப் பள்ளியின் அத்லெட்டிக் ட்ரெயினரைப் போய்ப் பாருங்கள். அதற்கு முன் உங்கள் மால்ப்ராக்டிஸ் (சிகிச்சைத் தவறு) காப்பீடு மைதானத்துக்கும் செல்லுமா என்று ப்ரோக்ராமிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.