ராத்திரி ஷிப்டுக்கு யார் வருகிறார்கள்?

அமெரிக்காவில் அணு உலைக்கு அடுத்தபடியாக அதிக விதிகள் உள்ள இடம், முதியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நர்சிங் ஹோம்தான் என்று எங்கள் துறையில் அலுப்போடு சொல்லிக்கொள்வோம். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை. சமையலறை ஃபிரிட்ஜ் 41 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டக்கூடாது. உதவியாளர் வேலைக்கு வருபவர் குறைந்தது 75 மணி நேரம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் தினமும் தொடர்ந்து எட்டு மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும் இருந்தாக வேண்டும். இதையெல்லாம் மேய்க்கும் அட்மினிஸ்ட்ரேட்டருக்கும் தனி லைசென்ஸ் உண்டு. பரீட்சை எழுதி மாநில அரசிடம் வாங்க வேண்டும். அந்த லைசென்ஸை வைத்துத்தான் பல வருடங்களாகப் பிழைப்பு ஓடுகிறது. விதிகளைத் திட்ட இதை எழுதவில்லை. எந்த விதியின் கைக்கும் சிக்காத ஒன்று இந்த வேலையின் நடுவில் இருக்கிறது: முதியவருக்குப் பழகிய முகம். பேச்சு அதைப் பற்றித்தான்.

விதிகள் எதற்காக வந்தன என்று தெரிந்தால் திட்டவும் மனம் வராது. ஒரு காலத்தில் இங்கே பல ஹோம்களில் முதியவர்களை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி வைப்பது அன்றாட வழக்கம். கீழே விழாமல் இருக்கட்டும் என்று காரணம் சொல்வார்கள். கட்டாவிட்டால் மருந்து கொடுத்து மந்தமாக்கி உட்கார வைப்பார்கள். 1986-இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ ஆலோசனை அமைப்பு இந்த நிலைமையை விரிவாக ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அடுத்த வருடமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் கொண்டுவந்தது. நிர்வாகத்தின் வசதிக்காக யாரையும் கட்டக்கூடாது, மருந்தால் அடக்கவும் கூடாது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்றெல்லாம் வந்தது அப்போதுதான். இன்று நாங்கள் நிரப்பும் படிவங்களில் பெரும்பகுதி அந்த 1987 சட்டத்தின் பேரப்பிள்ளைகள்.

வருடாந்தர சர்வேக்கு, அதாவது சோதனைக்கு, மாநில அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். முந்தைய சர்வேயிலிருந்து 15 மாதத்துக்குள் எந்த நாளாகவும் இருக்கலாம். ஒருவர் நேரே சமையலறைக்குப் போவார். இன்னொருவர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் நர்ஸின் பின்னாலேயே நடப்பார். குறைந்தது 25 மருந்துகள் கொடுக்கப்படுவதைக் கவனிப்பார். பிழை 5 சதவீதத்தை எட்டினால் அறிக்கையில் ஏறிவிடும். இருபத்தைந்தில் இரண்டு தப்பினாலே 8 சதவீதம், கதை முடிந்தது. சாப்பாட்டோடு கொடுக்கச் சொன்ன மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தாலும் பிழைக் கணக்குதான். பத்து வருடமாக அதே வேலையைப் பிசகில்லாமல் செய்கிற நர்ஸுக்குக்கூட அன்று கை நடுங்கும்.

கண்ட குறை ஒவ்வொன்றுக்கும் ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து கிடைக்கும். ஜே, கே, எல் என்றால் ‘உடனடி ஆபத்து’. அந்த மூன்றில் ஒன்று வந்தால் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு அன்று தூக்கம் கிடையாது. அறிக்கை கைக்கு வந்து பத்து நாளுக்குள் திருத்தத் திட்டம் அனுப்பியாக வேண்டும். சர்வேக்கு வருபவர்களை எதிரிகளாகப் பேசும் நிர்வாகிகள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. நர்ஸாக இருந்து சர்வே வேலைக்கு வந்தவர்கள் பலர். நல்ல சர்வேயர் வராந்தாவில் ஒரு முறை நடந்தாலே இடத்தின் லட்சணத்தைக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அவர் பெரும்பாலும் பார்ப்பது, எல்லா மேலாளர்களும் டை கட்டிக்கொண்டு வராந்தாவில் நிற்கிற வார நாட்களைத்தான். அவர் போன பிறகு வரும் சனிக்கிழமை ராத்திரி வேறு மாதிரி இருக்கும்.

எங்கள் ஹோமில் மறதி நோய் உள்ள ஒருவர் இருந்தார். வேலைக் காலம் முழுக்க இரவுக் காவலராக இருந்தவர். ராத்திரி இரண்டு மணி வாக்கில் எழுந்து வராந்தாவில் ஒவ்வொரு கதவின் பிடியையும் திருகிப் பார்ப்பார். அந்தப் பகுதியில் வருடக்கணக்காக ராத்திரி வேலை பார்த்த உதவியாளர் ஒரு அம்மா அவரைத் தடுக்கவே மாட்டார். கூடவே நடப்பார். தூங்குகிறவர்களின் அறைப் பக்கம் போகவிடாமல் துணி அலமாரி அறை, சாமான் அறை, ஆபீஸ் கதவு என்று ஆளில்லாத கதவுகளாகப் பார்த்துத் திருப்பி விடுவார். கடைசிக் கதவு வந்ததும் அவர், “எல்லாம் பூட்டியாச்சு” என்பார். “சரிங்க, நோட்டுல எழுதிடறேன், நீங்க போய்ப் படுங்க” என்பார் இந்த அம்மா. அவரும் போய்ப் படுத்துவிடுவார்.

அந்த அம்மா லீவில் போன ஒரு நாள் தற்காலிக ஆட்களை அனுப்பும் ஏஜென்சியிலிருந்து வேறொருவர் வந்தார். நல்ல பெண், சுறுசுறுப்பானவர். பதினைந்து பேருக்கு மேல் பொறுப்பு, அவர்களைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கிடைத்தது பத்து நிமிடம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் கதவைத் திருகுகிறார் என்றால் வெளியே ஓடப் பார்க்கிறார் என்றுதானே யாருக்கும் தோன்றும்? கையைப் பிடித்து இழுத்தார், அவர் பதிலுக்குக் கையை வீசினார். காலையில் என் மேஜைக்கு வந்த அறிக்கையில் ‘தாக்கும் சுபாவம்’ என்று இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டு ஏதாவது மருந்து எழுதச் சொல்லலாமா என்ற பேச்சும் காலைக் கூட்டத்தில் எழுந்தது. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு மனநோய் மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டும் என்று 2005-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்தின் தகவல் தாளிலேயே பெட்டி போட்டு எச்சரித்திருக்கிறது. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அந்தப் பேச்சு வந்தது, ஏனென்றால் ஆள் பற்றாக்குறையான இடத்தில் மருந்துதான் கைக்கு முதலில் எட்டும்.

கோப்பை எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ‘இரவில் நடமாட்டம் உண்டு, கவனத்தைத் திருப்பவும்’ என்று பராமரிப்புத் திட்டத்தில் முறைப்படி எழுதியிருந்தார்கள். விதிப்படி இதில் குறை சொல்ல முடியாது. எந்தக் கதவுப் பக்கம் திருப்புவது, கடைசியில் என்ன சொன்னால் படுக்கப் போவார் என்பதெல்லாம் அந்த அம்மாவின் தலைக்குள் இருந்தது. அதை அவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்தோம். உதவியாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதிவைத்ததைப் படித்துவிட்டுக் கூட நடந்தவர்களிடம் அவர் அத்தனை சீக்கிரம் அடங்கவில்லை. முகம் பழகியிருக்க வேண்டும் போல.

இதே முகப் பழக்கத்தோடு மோதுகிற ஒரு விதியும் உண்டு. முதியவர் ஒருவர், “என்னை அடித்துவிட்டார்கள்” என்று சொன்னால் இரண்டு மணி நேரத்துக்குள் மாநில அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். யார் பெயர் வந்ததோ அவரை விசாரணை முடியும்வரை முதியவர்களிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும். நடைமுறையில் அதற்கு வீட்டுக்கு அனுப்புவது என்று பொருள். ஐந்து வேலை நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். சொன்னவருக்கு ஆழ்ந்த மறதி நோய், நாற்பது வருடத்துக்கு முந்தைய சண்டையை நேற்று நடந்ததாகப் பேசுகிறவர் என்றாலும் இதில் விலக்கு இல்லை. குற்றம் நிரூபணமாகாத ஒருவரைக் கூப்பிட்டு, “சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்க, நாங்க கூப்பிடறோம்” என்று சொல்வதைப் போல எனக்குப் பிடிக்காத வேலை இந்தத் துறையில் வேறில்லை. சிலர் விசாரணை முடிந்து சுத்தமாக வெளிவந்த பிறகும் திரும்பி வரமாட்டார்கள். பக்கத்து ஊர் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போய்விடுவார்கள். அங்கே சம்பளமும் அதிகம், யாரும் அடித்ததாகப் புகார் சொல்லவும் மாட்டார்கள். நல்ல உதவியாளர் ஒருவர் போய்விடுவார், அவர் பார்த்த முதியவர்களுக்கு மறுபடி புது முகங்கள்.

அப்படியும் இந்த விதியைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். ‘அவருக்கு மறதி, என்னென்னவோ சொல்வார்’ என்ற ஒரே வாக்கியத்தில் நிஜமான அடிகள் எத்தனை மறைந்துபோயிருக்கும் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். மாறவேண்டியது விலக்கி வைத்த நாட்களின் சம்பளம். விசாரணையில் தப்பில்லை என்று ஆனால் முழுச் சம்பளம் கொடுத்துவிட வேண்டும், அட்மினிஸ்ட்ரேட்டரே போன் செய்து கூப்பிட வேண்டும். பல இடங்களில் இரண்டுமே நடப்பதில்லை.

வழக்குகள் தனி உலகம். விழுந்து இடுப்பு உடைவது, படுக்கைப் புண், இந்த இரண்டும்தான் அடிக்கடி வரும். நான் ஒரு ஹோமில் சேர்வதற்கு முன்பே நடந்த சம்பவம் ஒன்றுக்காக வக்கீல்களின் விசாரணையில் உட்கார வேண்டியிருந்தது. எலும்பு தெரியும் அளவுக்கு நான்காம் கட்டப் புண். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்ததற்கான அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. 12, 2, 4, 6 என்று வரிசையாக ஒரே கையெழுத்து. எதிர்த்தரப்பு வக்கீல் அதே ராத்திரிக்கான மற்ற முதியவர்களின் அட்டவணைகளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எல்லாவற்றிலும் அதே நேரம், அதே கையெழுத்து. “நாலு மணிக்கு ஒரே நேரத்தில் ஒன்பது பேரைப் புரட்ட உங்களுக்கு எத்தனை கை?” என்று கேட்டார். போதாக்குறைக்கு வருகைப் பதிவு இயந்திரம், நாலு மணிக்கு அந்த உதவியாளர் சாப்பாட்டு இடைவேளையில் இருந்ததாகக் காட்டியது.

அந்தப் பெண் பொய் சொல்கிறவராக எனக்குத் தெரியவில்லை. மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒவ்வொருவராகப் புரட்டியிருப்பார், படிவத்தில் அச்சடித்திருந்தது 4:00 என்ற கட்டம் மட்டும். எழுதாவிட்டால் செய்யவில்லை என்றுதான் அர்த்தம் என்று எங்கள் துறையில் முதல் நாளே மிரட்டி வைப்பார்கள். அதனால் எல்லோரும் கட்டம் நிரப்பப் பழகுகிறார்கள். நீதிமன்றத்தில் காலிக் கட்டம் கொல்லும், நிரம்பிய கட்டமும் கொல்லும். அதன் பிறகு எனக்குக் கீழே வருகிறவர்களிடம், நேரம் 4:40 என்றால் 4:40 என்றே போடுங்கள், மறுத்தார் என்றால் மறுத்தார் என்றே எழுதுங்கள் என்று சொல்லி வருகிறேன். அழகாக இருக்கும் சார்ட்டைப் பார்த்தால் எனக்கே இப்போது சந்தேகம் வருகிறது.

வழக்குக்குப் பயந்து, நீதிமன்றத்துக்குப் போகாமல் சமரச நடுவரிடமே தீர்த்துக்கொள்கிறோம் என்று சேரும்போதே கையெழுத்து வாங்கும் பழக்கமும் இருக்கிறது. 2019 விதிப்படி அதைச் சேர்க்கைக்கு நிபந்தனையாக்க முடியாது, போட்ட கையெழுத்தையும் 30 நாளுக்குள் திரும்பப் பெறலாம். அம்மாவை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து விட்டுவிட்டு அழுதுகொண்டே கட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் மகளுக்கு இதை நிதானமாகச் சொல்பவர்கள் குறைவு.

சரி, ஆள் விஷயத்துக்கு வருவோம். கொரோனாவுக்குப் பிறகு இந்தத் துறையை விட்டுப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. 2020 பிப்ரவரி கடைசியில் வாஷிங்டன் மாநிலத்தின் கிர்க்லண்ட் ஊரில் ஒரு நர்சிங் ஹோமில் தொற்று பரவிய செய்தி வந்தது. மார்ச் நடுவில் நாடு முழுக்கக் குடும்பத்தினர் வருவதே நின்றது. அந்த மாதங்களில் உள்ளே இருந்து தாங்கியவர்கள் இந்த உதவியாளர்கள்தான். அப்புறம் ஏஜென்சிகள் பெருகின. காலி இடத்தை நிரப்ப நாங்கள் ஏஜென்சியைக் கூப்பிட, அங்கே ஒரு மணி நேரத்துக்கு இரண்டு மடங்கு வரை கிடைக்கிறது என்று நிரந்தர ஊழியர்கள் கேள்விப்பட, அவர்களில் சிலர் ராஜினாமா செய்துவிட்டு ஏஜென்சி வழியாக எங்களிடமே வந்து நின்றார்கள். ஆள் அதே ஆள்தான். ஆனால் இந்த வாரம் இங்கே, அடுத்த வாரம் எங்கே என்று அவருக்கே தெரியாது.

2024-இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு முதியவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3.48 மணி நேர நர்சிங் பராமரிப்பு, அதில் 0.55 மணி பதிவு பெற்ற நர்ஸ், 2.45 மணி உதவியாளர். பதிவு பெற்ற நர்ஸ் 24 மணி நேரமும் இருக்க வேண்டும். ஹோம் முதலாளிகளின் சங்கம் வழக்குப் போட்டது. 2025 ஏப்ரலில் டெக்ஸாஸ் நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. அதே வருடம் ஜூலையில் வந்த சட்டம் அமலாக்கத்தை 2034 வரை தள்ளிப்போட்டது. ஆள் கிடைக்காத ஊரில் எண்ணை மட்டும் கட்டாயமாக்கினால் ஹோமை மூடுவார்கள் என்பது முதலாளிகளின் வாதம், அதில் உண்மை இருக்கிறது. நீண்டகாலம் தங்குபவர்களில் பெரும்பாலோருக்குப் பணம் கொடுப்பது மெடிகெய்ட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அது கொடுக்கும் தொகையும் இறுக்கமானது. ஆனால் அதே வாயால் வாடகையையும் நிர்வாகக் கட்டணத்தையும் தங்கள் சொந்த இணைக் கம்பெனிகளுக்கே கொடுத்துக்கொள்ளும் முதலாளிகளும் இருக்கிறார்கள். அவர்கள் பற்றாக்குறை என்று புலம்பும்போது எனக்கு இரக்கம் வருவதில்லை.

மணிக்கணக்கு கட்டாயமாகவே இருந்திருந்தாலும் இன்னொரு கேள்வி பாக்கி. மூன்றரை மணி நேரத்தை மூன்று புது முகங்கள் கொடுக்கலாம், பழகிய ஒருவரும் கொடுக்கலாம். கணக்கில் இரண்டும் ஒன்று. 2022 முதல், மத்திய அரசு ஹோம்களுக்குக் கொடுக்கும் நட்சத்திர மதிப்பீட்டில் வார இறுதி ஆள் பலத்தையும், ஊழியர்கள் எத்தனை பேர் விலகுகிறார்கள் என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். இதுவரை வந்த மாற்றங்களில் விஷயத்தைத் தொட்டது அதுதான் என்பேன்.

ஒரு உதவியாளருக்கு ஒரே முதியவர்களை மாதக்கணக்கில் கொடுப்பதை எங்கள் ரோஸ்டரில் முதல் விதியாக வைத்திருக்கிறோம். கஷ்டமான முதியவர் ஒருவரிடமே ஒருத்தர் சிக்கிக்கொள்கிறார் என்ற புகார் வரும், நியாயமானதுதான். அதற்குக் குழுவாகப் பேசி மாற்றுகிறோம். ஏஜென்சிக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை வார இறுதி ராத்திரி ஷிப்டுக்கு வரும் நிரந்தர ஊழியர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க முதலாளியிடம் வாதாடி வாங்கினேன். வாராவாரம் ஏஜென்சி பில்லைப் பக்கத்தில் வைத்துக் காட்டியபோதுதான் அவர் இறங்கி வந்தார்.

அப்பா அம்மாவைச் சேர்க்க இடம் பார்க்க வருகிறவர்கள் முன் ஹாலில் உள்ள சோபாவையும் பியானோவையும் பார்த்துவிட்டு, நட்சத்திரம் எத்தனை என்று கேட்பார்கள். கேட்கட்டும், தப்பில்லை. அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் வந்து, சாப்பாட்டுத் தட்டு தூக்கிக்கொண்டு போகும் உதவியாளரிடம் இந்தப் பகுதியில் எத்தனை நாளாக இருக்கிறீர்கள் என்று கேளுங்கள் என்று நானே சொல்லி அனுப்புகிறேன். சில வாரம் அந்தப் பதில் எங்களுக்குச் சாதகமாக இருக்காது. அப்படி ஒரு வாரத்தில் வந்து கேட்டுவிட்டு வேறு இடம் தேடிப் போன குடும்பமும் உண்டு.