சூடானால் மட்டும் வரும் கோளாறு

"வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்று பட்டறைக்கு வருகிறவர்கள் சொல்லும் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. சாவியைத் திருப்பியும் செல்ஃப் மோட்டார் சுற்றாமலே நிற்பது ஒன்று. மோட்டார் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காமல் போவது மற்றொன்று. முதலாவதற்கு பேட்டரி, எர்த் (கரன்ட் வண்டியின் உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), சாவி சுவிட்ச், சொலினாய்டு (பேட்டரியின் பெரிய கரன்ட்டைச் செல்ஃப் மோட்டாருக்கு விடும் மின்காந்த சுவிட்ச்) என்ற வழியில் போக வேண்டும். இரண்டாவதற்கு பெட்ரோலையும் பிளக்கில் விழும் பொறியையும் பார்க்க வேண்டும். இது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன்பே பானெட்டைத் தூக்கிவிட்டு ஸ்பேனரைத் தேடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

திண்டுக்கல்லில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் என்னிடம், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் தம்முடைய மாருதி 800 வண்டியைக் கொண்டு வந்தார். 796 சி.சி., மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் காலத்து மாடல். 1983 டிசம்பரில் சந்தைக்கு வந்து 2014 தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன அந்தக் காரை இன்றும் ஓட்டுகிறவர்கள், பெரும்பாலும் அதை விற்க மனம் வராதவர்கள்தான். காலையில் வண்டி சொன்னபடி கேட்கும். நெடுந்தூரம் ஓட்டி நிறுத்தி, கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்றுகூடச் சத்தம் வராது. இன்னும் சிறிது நேரம் பொறுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிடும். முன்பு பார்த்த பட்டறையில் பேட்டரியைப் புதிதாகப் போட்டு, செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷையும் மாற்றியிருந்தார்கள். "அடுத்தது செல்ஃபையே மாற்றிவிடலாம் என்கிறார்கள், தம்பி" என்றார் அவர். "ஸ்டார்ட் ஆகாத நேரத்தில் ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தீர்களா, சார்?" என்று கேட்டேன். பளிச்சென்று எரிந்ததாகவும், சாவியைத் திருப்பும்போதும் மங்கவில்லை என்றும் சொன்னார். பாதிச் சந்தேகம் அந்தப் பதிலிலேயே தீர்ந்தது. மோட்டார் இறுகியிருந்தாலோ பேட்டரி தளர்ந்திருந்தாலோ விளக்கு மங்கியிருக்க வேண்டும். மங்கவில்லை என்றால் பெரிய கரன்ட் மோட்டாரைப் போய்ச் சேரவே இல்லை.

இந்தக் கோளாறு மல்டிமீட்டருக்கு ஏன் அகப்படுவதில்லை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சொலினாய்டுக்குள் இரண்டு காயில்கள் இருக்கின்றன. பிளஞ்சர் எனப்படும் இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும் காயில் தடித்த கம்பியால் ஆனது, அதிகக் கரன்ட் கேட்பது. இழுத்த பிளஞ்சரைப் பிடித்து வைக்கும் காயிலுக்குக் கொஞ்சம் கரன்ட் போதும். இழுக்கும் காயிலுக்கு எர்த் கிடைப்பது மோட்டாரின் வழியாகத்தான். ஆகவே பிளஞ்சர் உள்ளே போய்ப் பெரிய கான்டாக்ட் மூடியவுடன், அந்தக் காயிலின் இரு முனைகளிலும் பேட்டரி வோல்டேஜே நிற்பதால், அதில் கரன்ட் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சாவி சுவிட்சிலிருந்து வரும் ஒயர் கனமான சுமையைத் தாங்குவது ஒரு நொடியிலும் சிறு பகுதி நேரத்துக்கு மட்டும். வண்டி ஸ்டார்ட் ஆகிற வேளையில் அளந்தால் அந்த ஒயரில் நல்ல வோல்டேஜ்தான் தெரியும். அதை வைத்து ஒயரிங் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டினால் ஏமாந்துதான் போவோம்.

இதனோடு சூடும் சேர்ந்துகொள்கிறது. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். இன்ஜினின் சூட்டில் காயில் 60 டிகிரி கூடுதலாகக் காய்ந்தால், தடை கால் பங்கு அளவுக்கு ஏறி, இழுக்கும் வலு குறைந்துவிடுகிறது. நல்ல சொலினாய்டு 8 வோல்ட் கிடைத்தாலே பிளஞ்சரை இழுத்துக்கொள்ளும். ஆனால் வருவதே அந்த அளவுதான் என்றால், குளிர்ந்த காயில் சமாளிக்கும், சூடான காயில் தோற்றுவிடும். செல்ஃபைப் புதிதாக மாற்றியிருந்தாலும் சில மாதங்களுக்கு வண்டி ஓடியிருக்கும் என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை.

எனவே கோளாறு வரும் நேரத்தில் மீட்டர் இணைந்திருக்க வேண்டும். அதுவரை எந்த நட்டையும் முறுக்கக் கூடாது, ஒயர்களை இணைக்கும் எந்தக் கப்ளரையும் கழற்றி மாட்டக் கூடாது என்று பட்டறைப் பையனிடம் சொல்லி வைத்தேன். அழுக்கேறிய கப்ளரை ஒரு முறை உருவிச் செருகினாலே கான்டாக்ட் தேய்ந்து சுத்தமாகி, கோளாறு சில வாரங்களுக்கு ஒளிந்துகொள்ளும். பேட்டரி முனையிலிருந்து ஒன்று, சொலினாய்டின் சிறிய டெர்மினலிலிருந்து ஒன்று, சாவி சுவிட்சின் உள்வழிக்கும் வெளிவழிக்கும் ஒவ்வொன்று என நீளமான ஒயர்களை டேஷ்போர்டு வரை கொண்டுவந்தேன். பிறகு 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சிறுமலைப் பாதையில் வண்டியை ஏற்றினோம். மேலே நிறுத்தி, இன்ஜின் சூடு செல்ஃபில் இறங்கும் வரை காத்திருந்து, நியூட்ரலில் வைத்துச் சாவியைத் திருப்பியபோது சத்தமே இல்லை. பையன் மீட்டரைப் படித்தான்: பேட்டரியில் 12.1 வோல்ட், சொலினாய்டில் 7.4. "அண்ணே, சுவிட்சுக்குள்ளேயே மூன்று வோல்ட்டுக்கு மேல் போகிறது" என்றான். மீதியை அதற்குக் கீழிருந்த கப்ளர் தின்றிருந்தது.

சுவிட்சைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்த கிரீஸ் கருகிக் கெட்டித்துப் போயிருந்தது. செம்புக் கான்டாக்டின் நடுவில் மிளகு அளவுக்குக் குழி விழுந்து, விளிம்பு நீலம் பாய்ந்திருந்தது. காரணமும் அருகிலேயே இருந்தது. யாரோ என்றைக்கோ ஃபாக் லேம்ப் மாட்டியபோது ரிலே (சிறிய கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் சுவிட்ச்) வைக்காமல், சுவிட்சிலிருந்து வரும் ஒயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். அந்த டேப் இளகிப் பிசின்போல் விரலில் ஒட்டியது. பழைய வண்டிகளில் நான் கண்ட ஒயரிங் கோளாறுகளில் கணிசமானவை, கம்பெனி போட்ட ஒயரில் அல்லாமல் பிறகு சேர்த்த எக்ஸ்ட்ரா பிட்டிங்கிலிருந்தே தொடங்கியிருக்கின்றன.

சுவிட்சையும் கப்ளரையும் மாற்றினேன். அதோடு செல்ஃபுக்கு ஒரு ரிலேயும் வைத்தேன். சாவி சுவிட்ச் இனி ரிலேயின் சிறிய காயிலை மட்டும் இயக்கினால் போதும், சொலினாய்டுக்கான கரன்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராகப் போகும். மறுபடியும் அதே மலை, அதே காத்திருப்பு. சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் செல்ஃப் எடுத்தது. சொலினாய்டின் ஒயரைக் கழற்றி, அந்த இடத்தில் ஹெட்லைட் பல்பு ஒன்றைச் சுமையாக இணைத்தும் அளந்தேன்; பேட்டரிக்கும் அந்த முனைக்கும் இடையே கால் வோல்ட்கூடக் குறையவில்லை.

பெரிய சாமான் எதுவும் மாற்றாத வேலைக்குக் கூலி கேட்பது எங்கள் தொழிலில் எப்போதும் சங்கடம்தான். தலைமை ஆசிரியர் கணக்குப் பார்க்கவில்லை; "அப்படியானால் பழைய செல்ஃபே இருக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார். அதன் மேல் குற்றமில்லை என்றேன். ஃபாக் லேம்புக்குத் தனி ரிலேயும் தனி ஒயரும் போட்டு, இரண்டு ரிலேக்களும் எங்கே இருக்கின்றன, எந்த நிற ஒயர் எதற்குப் போகிறது என்பதை பில்லின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன்.