கேட் மணி: மூன்றாவது மாதம்

மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய லெவல் கிராசிங் மணி, நேற்று சாயங்காலம்தான் ஒழுங்காக அடித்தது. அதுவரை குன்னூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஊமையாகக் கிடந்தது.

உள்ளே பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. இரண்டு காயில் (கம்பிச் சுருள்), எதிரே ஓர் இரும்புத் தகடு, தகட்டு நுனியில் சுத்தியல். மின்சாரம் பாய்ந்தால் காயில் தகட்டை இழுக்கும், சுத்தியல் கிண்ணத்தில் அடிக்கும். அந்த அசைவிலேயே பாயின்ட், அதாவது மின்சாரம் போகும் தொடுமுனை, விலகி மின்சாரம் அறுபடும். ஸ்பிரிங் தகட்டைப் பழைய இடத்துக்குத் தள்ள, மறுபடியும் இழுக்கும்.

காயில் இரண்டும் கருகிப் போயிருந்தன. 26 கேஜ் எனாமல் கம்பியில் ஒவ்வொன்றுக்கும் 500 சுற்று கையாலேயே சுற்றினேன். 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்தால் காயில் சூடானதுதான் மிச்சம், தகடு அசையவே இல்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்துவிட்டு, மகளின் திசைகாட்டியைக் காயில் முனைகளில் பிடித்துப் பார்த்தேன். இரண்டுமே வடக்கு! ஒன்று வடக்காகவும் மற்றது தெற்காகவும் இருந்தால்தான் காந்தப்புலம் தகட்டின் வழியாகச் சுற்றி வரும். ஒரு காயிலின் வயர்களை மட்டும் மாற்றிப் போட்டேன். டக்கென்று இழுத்தது.

அடித்தது, ஆனால் தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம். தப்பு என்னுடையதுதான். அழகுக்காகக் கிண்ணத்தின் உள்பக்கமும் கனமாகப் பெயின்ட் பூசி, போல்ட்டையும் இறுக முறுக்கியிருந்தேன். பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, போல்ட்டுக்கு அடியில் தோல் வாஷர் வைத்தேன். சுத்தியலையும் லேசாக வளைத்தேன், அடித்த கையோடு விலகி நிற்கும்படி. கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஓசையை அதுவே விழுங்கிவிடும்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரியவர் சமவெளியில் கேட்மேனாக இருந்தவர். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "தம்பி, இது ஸ்கூல் பெல்லு. கேட் மணி இவ்வளவு அவசரப்படாது" என்றார். சுத்தியல் தண்டில் ஒரு பித்தளை நட்டைச் சேர்த்து எடை கூட்டினேன். வேகம் இறங்கியது. பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மணிக்குத் துணையாக ஒய்டிஎம்4 டீசல் எஞ்சின் மாடலும் பாதியில் நிற்கிறது. 1400 குதிரைத்திறன் கொண்ட அந்த எஞ்சின்கள் மீட்டர்கேஜ் காலத்தில் சமவெளியில் சரக்கு வண்டி இழுத்தவை. அகலப்பாதை வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே சில பெட்டிகளோடு அவை போவதைப் பார்க்கும்போதெல்லாம், ஓய்வு பெற்றபின் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற தாத்தா நினைவு வரும். 1:87 அளவில் மீட்டர்கேஜின் 1000 மில்லிமீட்டர் பாதை அகலம் 11.5 ஆகச் சுருங்குகிறது. அதனால் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் போட்டிருக்கிறேன். பாடி முடிந்துவிட்டது, சக்கரம்தான் பாக்கி.

மணியில் இன்னும் ஒரு தொல்லை இருக்கிறது. பாயின்ட் விலகும்போதெல்லாம் தீப்பொறி பறந்து முனை கருகுகிறது. நம் ஊர்ப் பனிக்குப் பச்சைக் களிம்பு வேறு. காயிலுக்குக் குறுக்கே, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டையோடு போட்டால் பொறி அடங்கும். முதல் டையோடைத் தலைகீழாக மாட்டி ஃபியூஸைப் போக்கிவிட்டேன். இன்னொன்று வாங்க வேண்டும்.