24 கிழமை வரைக்கும்

9 ஜனவரி 2024, செவ்வாய்
கர்ப்பம் 16 கிழமை. கர்ப்பப்பை வாயின் நீளம் 34 மில்லிமீற்றர்.

15 ஜனவரி
பொங்கல். பானையை இவர்தான் இறக்கினார். வீடியோவில் அம்மா புக்கையைப் பார்க்கவில்லை, என் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "படுத்தே இரு பிள்ளை, மாடிப்படி ஏறாதை." படுத்திருப்பதால் குறைமாதப் பிறப்பு தடைபடாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அதனால் நடக்கிறேன். போன முறை நான் படுத்திருக்கவில்லை என்பதை அம்மா ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. ஆனாலும் படி ஏறும்போதெல்லாம் அது காதில் விழுகிறது.

23 ஜனவரி
18 கிழமை. சலப்பை வெறுமையாக இருந்தால்தான் கர்ப்பப்பை வாயின் நீளம் சரியாகத் தெரியும் என்பதால் முதலில் கழிப்பறைக்கு அனுப்புகிறார்கள். பிறகு உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கான். மூன்று முறை அளந்து, மிகக் குறைந்ததை எழுதுகிறார்கள். 31, 30, 29. இரண்டு கிழமையில் ஐந்து மில்லிமீற்றர் போய்விட்டது. 25-க்குக் கீழே வந்தால் ஏதாவது செய்ய வேண்டும். இதே வேகத்தில் போனால் அடுத்த முறை 24. வீட்டுக்கு வந்து அடிமட்டத்தில் 24 எவ்வளவு என்று பார்த்தேன்.

27 ஜனவரி
அடிமட்டத்தை இவர் எங்கோ ஒளித்து வைத்துவிட்டார்.

1 பெப்ரவரி
ஆய்வுக்காக ஒரு மிட்வைஃப், மருத்துவமாது, வீட்டுக்கு வந்தார். கூடவே ஒரு தமிழ் அக்கா, மொழிபெயர்க்க. இங்கிலாந்தில் நூற்றுக்கு எட்டுப் பிள்ளைகள் 37 கிழமைக்கு முன்பே பிறந்துவிடுகிறார்களாம். 2025-க்குள் அதை ஆறாகக் குறைப்பது அரசின் இலக்காம். அதற்காகத்தான் என்னைப் போன்றவர்களைத் தேடிப்பிடித்து அளக்கிறார்கள். அளக்கப்படுகிறவர்களுக்கு அது எப்படி இருக்கிறது என்பதுதான் மிட்வைஃபின் ஆய்வு. ஸ்கானுக்கும் ஸ்கானுக்கும் இடையில் உள்ள நாட்களை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று கேட்டார். இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அடிமட்டத்தைப் பற்றிச் சொன்னேன். மொழிபெயர்க்கும்போது அக்காவின் குரல் கொஞ்சம் மாறியது.

போன முறை ஆஸ்பத்திரியில் தொலைபேசியில் மொழிபெயர்த்தவர், என் கர்ப்பப்பை வாய் "தகுதியில்லாதது" என்று சொன்னதையும் சொன்னேன். ஆங்கிலத்திலும் முன்பு அப்படித்தான் எழுதினார்களாம். தகுதி. ஒரு பிள்ளையை வைத்திருக்க எனக்குத் தகுதியில்லை என்றுதான் அன்றைக்கு எனக்குக் கேட்டது. "அது ஒரு உறுப்பு, தங்கச்சி, நேரத்துக்கு முன்னம் இளகுது, அவ்வளவுதான்" என்றார் அக்கா. அந்த வசனத்தை மூன்று வருடத்துக்கு முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

பிள்ளைக்கு ஏதாவது வாங்கினீர்களா என்று மிட்வைஃப் கேட்டார். இல்லை, பிறக்கும் முன் வாங்குவது எங்கள் வழக்கமில்லை என்றேன். எழுதிக்கொண்டார்.

2 பெப்ரவரி
வழக்கம் என்று ஏன் சொன்னேன்?

6 பெப்ரவரி
20 கிழமை. 23.
கர்ப்பப்பை வாயை இறுக்கிக் கட்டும் தையலா, புரோஜெஸ்டிரோன் என்ற ஹோர்மோன் மாத்திரையா, இரண்டில் எது என்று என்னிடமே கேட்டார்கள். மாத்திரை ஒவ்வொரு இரவும் உள்ளே வைப்பது. தையல் என்றால் தொற்று வரலாம், பனிக்குடம் உடையலாம் என்று மறைக்காமல் சொன்னார்கள். மருத்துவர் நல்லவர், அவசரப்படுத்தவில்லை. ஆனால் நான் எதைத் தெரிந்து எதைத் தெரிவு செய்வது? இவர் என்னைப் பார்க்கிறார், நான் சுவரைப் பார்க்கிறேன். கடைசியில் தையல் என்றேன். காரணம் கேட்டிருந்தால், ஏதாவது ஒன்று பிடித்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

8 பெப்ரவரி
முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்தார்கள். தையல் போட்டாயிற்று. 36, 37 கிழமையில் வெட்டுவார்களாம். அவ்வளவு பெரிய எண்களை என்னிடம் யாரும் சொன்னதேயில்லை.

13 பெப்ரவரி
சாப்பிட்டேன். தூங்கினேன்.

21 பெப்ரவரி
22 கிழமை 1 நாள்.

22 பெப்ரவரி
22 கிழமை 2 நாள். போன முறை இந்த நாள் வரவில்லை. இனி வருவதெல்லாம் எனக்குத் தெரியாத நாட்கள்.

26 பெப்ரவரி
மிட்வைஃபுக்குச் செய்தி அனுப்பினேன். நான் பிள்ளைக்கு ஒன்றும் வாங்காததை வழக்கம் என்று எழுதிவிட வேண்டாம். அது பயம். போன முறை வாங்கிய மஞ்சள் தொப்பி அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. வழக்கம் என்று எழுதினால், "அவர்கள் அப்படித்தான்" என்று வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். பயம் என்று எழுதினால் யாராவது ஒரு கிளினிக்கில், அளந்து முடித்தபிறகு, கதிரையை இழுத்துப்போட்டு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கக்கூடும். மூன்று தரம் திருத்தித்தான் அனுப்பினேன். திருத்துவதாகப் பதில் வந்தது.

29 பெப்ரவரி
23 கிழமை 2 நாள். காலையில் இரண்டு தரம் உதைத்தது, வலது பக்கம். பிள்ளைக்கு வெள்ளைத் துணி தைத்து அனுப்பட்டுமா என்று அம்மா கேட்டார். செவ்வாய்க்கிழமை, 24 கிழமை ஆனதும், சொல்கிறேன் என்றேன்.