டி.எச்.எஸ். பிளேட் இருக்கும் இடுப்பில் மூட்டு மாற்று: நாட்குறிப்பு

மார்ச் 4
நாலு ஓட்டை டி.எச்.எஸ். பிளேட் (டைனமிக் ஹிப் ஸ்க்ரூ; இடுப்பு முறிவுக்கு முன்பு போட்டது). முறிந்த எலும்பு ஒட்டிவிட்டது, ரத்த ஓட்டம் போய்த் தொடைத்தலை சப்பையாகியிருக்கிறது. எக்ஸ்ரேயில் கண் தலைக்குத்தான் போகும். அளக்க வேண்டியது கடைசி ஸ்க்ரூவை. டிரோகேன்டர் (தொடை எலும்பின் மேல்முனைப் புடைப்பு) நுனியிலிருந்து 130 மி.மீ. கீழே இருக்கிறது, அங்கே எலும்பின் விட்டம் 28 மி.மீ. ஸ்டெம் (தொடை எலும்புக்குள் இறக்கும் செயற்கை மூட்டின் தண்டு) அந்த ஸ்க்ரூவைக் கழற்றிய ஓட்டையைத் தாண்டி இரண்டு விட்டமாவது இறங்க வேண்டும்: 130 + 56 = 186. வழக்கமான 150 மி.மீ. ஸ்டெம்மின் நுனி ஓட்டைக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். விழுந்தால் அங்கேதான் முறியும். ஆகவே 190 மி.மீ., கீழ்ப்பகுதியில் பிடிக்கும் டைட்டானியம் ஸ்டெம். சிமென்ட் வேண்டாம், ஓட்டை வழியாகப் பிதுங்கும்.

(கழுத்து முறிவுக்குப் போட்ட மூன்று கேனுலேட்டட் (நடுவில் துளையுள்ள) ஸ்க்ரூ மட்டும் என்றால் பெரும்பாலும் சாதாரண ஸ்டெம்மே போதும்.)

மார்ச் 7
இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகள்) சரி. கூடியிருந்தால் மூட்டு நீரை எடுத்துக் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்ற சோதனை) பார்க்காமல் தேதி கொடுக்கக் கூடாது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் பிளேட் எந்தக் கம்பெனி என்று பார்த்தாயிற்று; லேக் ஸ்க்ரூ (தொடைத்தலைக்குள் போகும் பெரிய ஸ்க்ரூ) கழற்றும் சாவி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உடைந்த ஸ்க்ரூ எடுக்கும் செட்டும் வரட்டும்.

மார்ச் 12
பிளேட் இருக்கும்போதே மூட்டை விலக்கியாயிற்று. கழற்றிவிட்டுக் காலைத் திருகினால் காலி ஓட்டை வழியே தொடை எலும்பு பிளக்கும். வரிசை மாறக் கூடாது.

ஸ்க்ரூ தலைக் குழிகளில் எலும்பு அடைத்திருந்தது. கூர் ஊசியால் சுரண்டிச் சுத்தமான பிறகே 3.5 மி.மீ. டிரைவர். பாதி அடைப்போடு திருகினால் குழி தேய்ந்துபோகும்; அப்புறம் தலையை டிரில் செய்து உடைக்க வேண்டியதுதான்.

லேக் ஸ்க்ரூ இருந்த பாதையைச் சுற்றி எலும்பு கெட்டியாக இறுகி, ரீமரை (எலும்பைக் குடையும் கருவி) ஒருபக்கம் தள்ளியது. அந்தச் சுவரை பர்ரால் (சுழன்று அரைக்கும் முனை) எடுத்து, சி-ஆர்மில் (அறுவை அறை எக்ஸ்ரே) இரண்டு கோணத்திலும் பார்த்த பிறகே அடுத்த அளவு ரீமர். கடைசி ஓட்டைக்குக் கீழே எலும்பு பிளக்காமலிருக்க முன்கூட்டியே எலும்பைச் சுற்றி ஒரு கம்பிக்கட்டு போட்டாயிற்று.

இடுப்பெலும்புக் கிண்ணம் வேறு கதை. காலை ஊன்றாத மாதங்களில் எலும்பு மெத்தென்றாகி, கை பாரத்திலேயே ரீமர் இறங்கியது. செயற்கைக் கப்பின் அளவைவிட 1 மி.மீ. குறைத்து நிறுத்தி, கப்புக்கு இரண்டு ஸ்க்ரூ. தசை தளர்ந்திருந்ததால் டூயல் மொபிலிட்டி (இரட்டை அசைவு, எளிதில் விலகாத வகை). ஐந்து இடத்துத் திசு கல்ச்சருக்கு, 14 நாள்.

மார்ச் 26
கல்ச்சரில் எதுவும் வளரவில்லை.

ஏப்ரல் 23
ஸ்டெம்மின் தோளுக்கும் (மேல் விளிம்பு) டிரோகேன்டர் நுனிக்கும் உள்ள தூரத்தை முதல் நாள் படத்தோடு ஒப்பிட்டால் 2 மி.மீ. இறக்கம். இந்த வகை ஸ்டெம்மில் இது சகஜம். நின்றுவிட்டதா என்பதே கேள்வி. அடுத்த படம் ஜூனில், படத்தின் உருப்பெருக்கத்தைக் கணக்கிட அதே அளவுக் குண்டு வைத்து.